ஃபேண்டஸிக்கு யார் ஜாமீன்?

கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "மலையில் இறங்கும் மூடுபனிக்குள் ஒரு ராஜ்ஜியம் இருப்பதாக நாவல் எழுதுகிறேன். என் தமிழ் ஆசிரியர் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, நடை நன்றாக இருக்கிறது, ஆனால் இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம், தேயிலைத் தோட்டத்துக் கஷ்டத்தை எழுது என்றார். ஃபேண்டஸி கதைகளுக்கு மற்றவற்றைவிட மரியாதை குறைவுதானா? நான் மாற்றி எழுத வேண்டுமா?"

முதல் கேள்விக்குப் பதில், ஆமாம், குறைவுதான். இரண்டாவது கேள்விக்கு, வேண்டாம். குன்னூரில் நூலக வேலையில் இருந்தவன் என்ற முறையில் இந்த மரியாதைக் குறைவைத் தினமும் அலமாரியில் பார்த்திருக்கிறேன். சமூக நாவலும் சரித்திர நாவலும் கூடத்தில் இருக்கும். பூதமோ பறக்கும் குதிரையோ அட்டையில் இருந்தால் புத்தகம் சிறுவர் பிரிவுக்குப் போய்விடும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. பெரியவர்கள் வந்து எடுத்தால் "பேரனுக்கு" என்று கேட்காமலே சொல்வார்கள்.

ஆனால் இந்த மரியாதைக் குறைவு கற்பனைக்கு வந்தது அல்ல. இதைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்வதில் தமிழர்களுக்கு எந்தக் காலத்திலும் சங்கடம் இருந்ததில்லை. நாம் கேட்பதெல்லாம் ஒரு ஜாமீன். இந்தக் கற்பனைக்கு யார் பொறுப்பு? கடவுளா, சமயமா, சரித்திரமா, அரசியலா, வெளிநாட்டுப் பரிசா? யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும், எப்பேர்ப்பட்ட அற்புதத்தையும் தலைமேல் வைத்துக்கொள்வோம். யாரும் போடவில்லை, எழுதியவர் மட்டும்தான் பொறுப்பு என்றால் அது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் ஆகிவிடுகிறது.

சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். ஒரு முலை இழந்த பெண் வேங்கை மர நிழலில் நிற்கிறாள். தேவர்கள் வந்து, இறந்துபோன கணவனைக் காட்டி, அவளையும் கூட்டிக்கொண்டு வானத்துக்குப் போகிறார்கள். இதை இளங்கோ தன் வாயால் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. நூலின் தொடக்கத்துப் பதிகத்தில் குன்றக் குறவர்களைத் தன்னிடமே வரவைத்து, "எம் கட்புலம் காண" நடந்தது என்று சொல்ல வைக்கிறார். கண்ணால் பார்த்த சாட்சி வேண்டியிருக்கிறது. அந்தச் சாட்சிகள் மலைக்காரர்கள் என்பதில் இந்த மலையில் வாழும் எனக்குத் தனி சந்தோஷம் உண்டு.

மணிமேகலையிலோ அற்புதம் இல்லாத காதை குறைவு. கடல் தெய்வம் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்த் தீவில் வைக்கிறது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் குளத்திலிருந்து வருகிறது. எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ என்ற பசி ஒருத்தியை வாட்டுகிறது, அந்தப் பாத்திரத்துச் சோற்றில்தான் அது அடங்குகிறது. இதை யாரும் பிள்ளைக் கதை என்று சொன்னதில்லை, பௌத்தம் ஜாமீன் நிற்கிறது.

நவீன காலத்திலும் இதே கதைதான். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சுத்தமான ஃபேண்டஸி. கடவுள் சென்னைத் தெருவில் வந்து நிற்கிறார், காப்பி குடிக்கிறார், கந்தசாமிப் பிள்ளை அவரைத் தன் சித்த வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரர் ஆக்கப் பார்க்கிறார். தமிழின் சிறந்த சிறுகதைகள் என்று யார் பட்டியல் போட்டாலும் அது இருக்கும். ஆனால் அதைப் பற்றி எழுதுகிற எவரும் ஃபேண்டஸி என்ற பெயரில் எழுதுவதில்லை. அங்கதம் என்பார்கள், சமூக விமர்சனம் என்பார்கள். அந்தக் கையெழுத்து இருப்பதால் கதை பெரியவர்கள் அலமாரிக்கு வந்துவிட்டது.

அப்புறம் கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்வெஸ். 1982இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் நம் சிறுபத்திரிகைகள் மாய யதார்த்தத்தை, அதாவது அன்றாட வாழ்க்கைக்குள் அற்புதத்தைச் சாதாரணமாகக் கலந்து சொல்லும் அவர் பாணியை, பேசித் தீர்த்தன. அவருடைய நாவலில் ரெமேதியோஸ் என்ற அழகி, துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே படுக்கை விரிப்புகளோடு ஆகாயத்துக்கு எழும்பிப் போய்விடுகிறாள். அற்புதமான இடம், எனக்கும் பிடிக்கும். ஆனால் 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் அதே ஆகாயத்தில் எத்தனையோ பேர் பறந்திருக்கிறார்கள். அங்கே பறந்ததை விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்ட பெரியவர்கள் மிகக் குறைவு.

இது நம் ஊரில் மட்டும் உள்ள வியாதி இல்லை. ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் பெரிய ஃபேண்டஸி நாவல் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 55இல் வந்தது. அடுத்த வருடமே எட்மண்ட் வில்சன் என்ற அமெரிக்க விமர்சகர் அதைச் சிறுபிள்ளைத்தனமான குப்பை என்று எழுதினார். 1961இல் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் டோல்கீனை நோபலுக்குப் பரிந்துரைத்தார். கதை சொல்லும் தரம் போதாது என்று குழு தள்ளிவிட்டது, ஐம்பது ஆண்டு கழித்து ஆவணங்கள் திறக்கப்பட்டபோது இது வெளியே தெரிந்தது. அமெரிக்க ஃபேண்டஸி எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1974இல் எழுதிய ஒரு கட்டுரையில் நூலகக்காரனான என்னால் மறக்க முடியாத ஒரு சம்பவம் வருகிறது. அவருடைய நண்பர் ஒரு நூலகத்தின் சிறுவர் பிரிவில் டோல்கீனின் பழைய சிறுவர் நாவலான 'தி ஹாபிட்'டைக் கேட்கிறார். அது பெரியவர்கள் பிரிவில்தான் உண்டு, தப்பித்தோடும் எழுத்து பிள்ளைகளுக்கு நல்லதல்ல என்று நினைக்கிறோம் என்கிறார் நூலகர். பெரியவர்கள் பிள்ளைகளிடம் தள்ளுகிறார்கள், பிள்ளைகளிடம் இருந்தும் பிடுங்குகிறார்கள்.

2015இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் கசுவோ இஷிகுரோவின் 'தி பரீட் ஜயன்ட்' என்ற நாவல் வந்தது. நாடு முழுவதும் ஒரு மூடுபனி, அது மக்களின் நினைவை அழிக்கிறது, அந்தப் பனி ஒரு டிராகனின் மூச்சு. உங்கள் கதைக்கு இது பக்கத்து வீடு என்பதால் கட்டாயம் படியுங்கள். அவ்வளவு பெரிய எழுத்தாளரே, இதை ஃபேண்டஸி என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒரு பேட்டியில் கவலைப்பட்டார். லெ குவினுக்குக் கோபம் வந்தது, அதை எழுத்திலேயே காட்டினார். அவர் கோபம் எனக்கு முழுக்க நியாயமாகப் படுகிறது. இரண்டு வருடத்தில் இஷிகுரோவுக்கு நோபல் வந்தது, இப்போது அந்த நாவலைப் படிக்க யாரும் கூச்சப்படுவதில்லை. பார்த்தீர்களா, ஜாமீன் வந்துவிட்டது.

சரி, இந்தக் கையெழுத்துக் கேட்கும் வழக்கம் நம்மிடம் ஆதியிலிருந்தே இருந்ததா? இல்லை. உங்கள் ஆசிரியரிடம் இதைச் சொல்லுங்கள், தமிழ் ஆசிரியர் என்பதால் ரசிப்பார். தொல்காப்பியம் செய்யுளியலில் உரைநடையை நான்காகப் பிரிக்கும் நூற்பா ஒன்று உண்டு. அந்த நான்கில் ஒன்று "பொருள்மரபு இல்லாப் பொய்ம்மொழி". அதாவது உலகத்தில் ஆதாரமே இல்லாத கட்டுக்கதை. பேராசிரியர் என்ற பெயருள்ள பழைய உரையாசிரியர் அதற்குக் கொடுக்கும் உதாரணம், ஒரு யானையும் ஒரு குருவியும் நட்பாகி, இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்று சொல்லிப்போகிற கதை. எதற்கு உருவகம், என்ன நீதி என்று எதுவும் இல்லை. யானையும் குருவியும் சிநேகம், அவ்வளவுதான். அதற்கு இலக்கணத்தில் ஓர் இடம். கீழான இடம் என்றும் சொல்லவில்லை, நான்கில் ஒன்று என்று எண்ணிவிட்டுப் போகிறது.

பிறகு எங்கே தவறியது? என் கணிப்பில், 19ஆம் நூற்றாண்டில். 1879இல் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சில் வந்தபோது நாவல் என்பது ஆங்கிலம் படித்தவர்களின் வடிவமாக வந்தது. அதற்குச் சீர்திருத்த வேலை கொடுக்கப்பட்டது. பெண் கல்வி, சாதி, சுதந்திரம், வறுமை என்று உரைநடைக்கு அடுத்தடுத்துப் பொறுப்புகள். அவை எல்லாம் அவசியமான பொறுப்புகள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதே காலத்தில் விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் பெரிய எழுத்துப் புத்தகங்களாக மலிவுத் தாளில் விற்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் வாங்கினார்கள், ஒருவர் படிக்கப் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். பின்னால் பிள்ளைகள் பத்திரிகைகள் வந்தன. ஆக, ஃபேண்டஸியின் வாசகர்கள் யார் என்றால் குழந்தைகள், கொஞ்சமாகப் படித்தவர்கள், வேலை முடிந்து களைத்து வந்தவர்கள். மதிப்புரை எழுதுகிற கை இவர்களிடம் இல்லை. ஓர் எழுத்து வகைக்குக் கிடைக்கும் மரியாதை, அதைப் படிக்கிறவர்களுக்குச் சமூகத்தில் கிடைக்கும் மரியாதையைத் தாண்டிப் போவது அபூர்வம். இதைத்தான் நான் முக்கியமான காரணமாக நினைக்கிறேன்.

பரிசுகளிலும் இந்த நிழல் தெரியும். கல்கிக்குச் சாகித்திய அகாதமி விருது 1956இல் கிடைத்தது, அவர் இறந்த பிறகு. எந்த நூலுக்கு? தமிழ்நாடே வாரா வாரம் காத்திருந்து படித்த சோழ சரித்திரக் கதைக்கு அல்ல, 'அலை ஓசை' என்ற சமூக நாவலுக்கு. சரித்திரக் கதை ஃபேண்டஸி இல்லைதான். ஆனாலும் கண்முன் இருக்கிற வாழ்க்கையை எழுதினால்தான் கனம் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமானது என்பது தெரிகிறது.

இனி நியாயத்தின் மறுபக்கம். ஃபேண்டஸிக்கு மரியாதை வேண்டும் என்று கேட்கிற நாம் அந்த வேலையைச் சரியாகச் செய்கிறோமா? கற்பனை என்றால் எதையும் எழுதலாம் என்று நினைப்பவர்கள்தான் இந்த வகைக்கு அதிகக் கெடுதல் செய்கிறார்கள். நல்ல ஃபேண்டஸிக்குச் சட்டம் உண்டு, யதார்த்தக் கதையைவிடக் கடுமையான சட்டம்.

இதற்கு நான் எப்போதும் காட்டுவது கலிங்கத்துப்பரணியில் 'கூழ் அடுதல்'. போர் முடிந்த களத்தில் பேய்கள் காளிக்குக் கூழ் சமைக்கின்றன. சமையலுக்கு முன்னால் பல் துலக்க வேண்டும். எதைக் கொண்டு? செத்த யானையின் தந்தத்தைக் கோலாக வைத்து. நாக்கு வழிக்க? யானையின் விலா எலும்பு. அந்தக் களத்தில் கிடைக்காத ஒரு பொருள்கூட அந்தச் சமையலறைக்குள் வராது, இதுதான் செயங்கொண்டார் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். கூழ் தயாரானதும் பரிமாறுகிறார்கள். பேய்களிலும் சாதி, சமயம், ஊனம் எல்லாம் உண்டு. பார்ப்பனப் பேய் வருகிறது, புத்தப் பேய் வருகிறது, குருட்டுப் பேயும் ஊமைப் பேயும் வருகின்றன. சமணப் பேய் வரும் இடத்தில் நிறுத்திப் படியுங்கள். அது உயிரைக் கொல்லாத பேய், ஒருபொழுதுதான் உண்ணும். ஆகவே அதற்குக் கூழில் மயிர் கிடக்கிறதா என்று பார்த்து, வடிகட்டி ஊற்றச் சொல்கிறார்கள். வடிகட்டும் துணி? நிணத்தால் ஆன துணி. பிணக்களத்தில் கொல்லாமை காக்கிற ஒரு பேய், அதன் விரதத்தை மதித்து அக்கறையோடு பரிமாறுகிற இன்னொரு பேய். சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் புரட்டுகிறது, போர் என்றால் என்ன என்பதும் தெரிகிறது. ஏறக்குறைய தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்னால் எழுதியது. இந்த அளவுக்குத் தன் உலகத்தை நம்பி எழுதினால், வேறு யாரும் ஜாமீன் போட வேண்டியதில்லை. விவரமே ஜாமீன்.

உங்கள் அத்தியாயத்துக்கு வருகிறேன். முதல் பக்கத்தில் இந்த மூடுபனிக்குள் சத்தம் போகாது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், அருமையான சட்டம். நாலாம் பக்கத்தில் தளபதி முரசு அடித்துப் படையைக் கூட்டுகிறார். எப்படிக் கேட்டது? வாசகர் இங்கேதான் புத்தகத்தை மூடுவார், மூடிவிட்டு ஃபேண்டஸி என்றாலே இப்படித்தான் என்பார். முரசை எடுத்துவிடுங்கள். சத்தம் போகாத நாட்டில் படையை எப்படிக் கூட்டுவார்கள்? வாசனையாலா? வீட்டுக்கு வீடு கட்டிய கயிற்றாலா? அம்மா பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? குருடர்கள் எப்படி நடமாடுவார்கள்? பாட்டு என்ற ஒன்று அங்கே இருக்குமா? உங்கள் நாவல் இந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கிறது, அரியணைச் சண்டையில் இல்லை. இன்னொன்று, உங்கள் ராஜ்ஜியம் ஆயிரம் வருடம் பழையது என்றால் தைல மரத்தையும் தேயிலையையும் எடுத்துவிடுங்கள். இரண்டும் இந்த மலைக்கு வந்து இருநூறு வருடம்கூட ஆகவில்லை. சோலைக்காடும் புல்வெளியும் போதும், அவை எந்தக் கற்பனை நாட்டுக்கும் ஈடு கொடுக்கும்.

இந்த மலையை வைத்து எழுதுகிறவர்களிடம் இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். சமவெளியிலிருந்து வருகிற மர்மக் கதைகளில் நீலகிரி என்றாலே ஒரு குறும்பர் மந்திரவாதி வந்துவிடுகிறார். எழுதுகிறவருக்கு அது ஒரு சுவாரசியமான பாத்திரம். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தில் இதே மலைச் சரிவுகளில் குறும்பர்கள் குடும்பத்தோடு கொல்லப்பட்டிருக்கிறார்கள். ஆங்கிலேயர் காலப் பதிவுகளில் இருக்கிறது. அவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று கோத்தகிரிச் சந்தைக்குத் தேனும் மிளகும் கொண்டு வருகிறார்கள், உங்களோடு கல்லூரியில் படிக்கிறார்கள். உயிரோடு இருக்கிற ஒரு சமூகத்தின் மேல் விழுந்த பழியை எடுத்துக் கதைக்கு மசாலாவாகப் போடுவது கற்பனை ஆகாது, சோம்பேறித்தனம். உங்கள் இரண்டாம் அத்தியாயச் சுருக்கத்தில் 'காட்டுவாசிச் சூனியக்காரன்' என்று ஒரு வரி பார்த்தேன். அவனை எடுத்துவிட்டு நீங்களே ஒருவரைப் படையுங்கள்.

நீலகிரியின் இன்னொரு பழங்குடியான தோடர்களின் நம்பிக்கையும் அப்படியே. இந்த மலையில் தங்கி ஆராய்ந்து டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் இறந்தவர்களின் உலகம் பற்றி அவர்கள் சொன்னது இருக்கிறது. அந்த உலகம் மேற்கே இருக்கிறது, அங்கேயும் எருமைகள் உண்டு. போகிற வழியில் ஓர் ஆறு, அதைக் கடக்க நூல் பாலம். பொறாமைக்காரர்களும் தன்னலக்காரர்களும் ஆற்றில் விழுந்து அட்டைகளிடம் கடிபட்டுத்தான் அக்கரை சேர வேண்டும். அங்கே நடந்து நடந்து முழங்கால் வரை கால் தேய்ந்தவர்கள் மறுபடி இங்கே மனிதர்களாக அனுப்பப்படுகிறார்கள். இதை நான் ஃபேண்டஸி அலமாரியில் வைக்க மாட்டேன். அது ஒரு மக்களின் சமயம், நாம் எடுத்து அலங்காரமாக மாட்டிக்கொள்ள வேண்டியதும் இல்லை. ஆனால் விவரம் எப்படி வேலை செய்கிறது என்று அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். மழைக்காலத்தில் இந்த மலையில் நடந்தவருக்கு அட்டை என்றால் என்னவென்று தெரியும். தண்டனை அந்த மண்ணிலிருந்தே வருகிறது.

உங்கள் ஆசிரியர் சொன்னதையும் உதறிவிடாதீர்கள். ராஜம் கிருஷ்ணன் நீலகிரியில் இருந்து, படுகர் வாழ்க்கையைப் பார்த்து எழுதிய 'குறிஞ்சித் தேன்' 1963இல் வந்தது. ஒரு தலைமுறையில் நிலமும் பயிரும் மனசும் எப்படி மாறின என்று அதில் இருக்கிறது. அந்த மாதிரிக் கூர்ந்த பார்வை ஃபேண்டஸி எழுதுகிறவருக்கு இரண்டு மடங்கு வேண்டும். ஆசிரியர் தோட்டத்துக் கஷ்டத்தை எழுதச் சொல்வது அந்தப் பார்வைக்காகத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதை வாங்கிக்கொண்டு உங்கள் பனிக்குள் போங்கள். ஆனால் அவரைச் சமாதானப்படுத்துவதற்காக 'மூடுபனி என்பது அதிகாரம், ராணி என்பது முதலாளித்துவம்' என்று உருவகக் கணக்குப் போட்டு எழுதாதீர்கள். அப்படி எழுதினால் பாராட்டு சீக்கிரம் கிடைக்கும். ஆனால் பனி வெறும் திரையாகிவிடும், அதற்குள் யாரும் வசிக்க முடியாது.

நிலைமை மாறவில்லையா என்றால், மெல்ல மாறுகிறது. 2022இல் புக்கர் பரிசு பெற்ற இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலகவின் நாவலில் கதாநாயகனே ஒரு ஆவி. தமிழில் மகாபாரதம் முழுவதையும் 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாக ஜெயமோகன் எழுதி முடித்தார், பெரியவர்கள்தான் காத்திருந்து படித்தார்கள். முன்னதற்கு உள்நாட்டுப் போரும் பின்னதற்கு இதிகாசமும் கையெழுத்துப் போட்டிருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். எழுதியவரை மட்டுமே நம்பி நிற்கிற, முழுக்கப் புதிதாகக் கட்டிய உலகம் ஒன்று தமிழில் அதே மரியாதையோடு வாசிக்கப்படுவதற்கு இன்னும் நாள் ஆகும். அதை எழுத ஆட்கள் வேண்டும், ஒவ்வொரு முரசையும் பிடித்துக் கேட்கிற பதிப்பாசிரியர்களும் வேண்டும். இரண்டாவது வகை ஆட்கள் இன்னும் குறைவு.

கடைசியாக, ஒரு போட்டிக்கு அனுப்பும்போது 'சமூக நாவல்' என்று போட்டு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஃபேண்டஸி என்றே போடுங்கள். நடுவருக்குப் பிடிக்காமல் போனால் போகட்டும், பிடித்தால் அவர் எதைப் பாராட்டினோம் என்று தெரிந்து பாராட்டுவார். அனுப்புவதற்கு முன்னால் கலிங்கத்துப்பரணியின் அந்தப் பகுதியை மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகப் படித்துவிடுங்கள். மூலம் கடினமாக இருந்தால் ஏதாவது உரைப் பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசிரியரையே கூட உட்கார்ந்து சொல்லித்தரச் சொல்லலாம். திருத்திய அத்தியாயத்தை முரசு இல்லாமல் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.